நீலம் போட்ட வெள்ளை

திரை பெரியதாக இருக்கவேண்டும், கண்ணைப் பறிக்கும் பிரகாசம் வேண்டும், புள்ளிகளின் எண்ணிக்கை மிகுந்திருக்கவேண்டும், ஒலிப்பெட்டிகள் வீடு அதிர முழங்கவேண்டும் என்று இந்த நான்கையும் பணம் கொடுத்து வாங்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டால் ஹோம் தியேட்டர் அமைந்துவிட்டது என்பதும், அதற்குப் பிறகும் படம் மனத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் நான்கில் ஏதோ ஒன்று போதவில்லை, அடுத்த ஓணத் தள்ளுபடியில் அதைவிடப் பெரியதாக வாங்கிவிடவேண்டும் என்பதும் இன்று நம்மிடையே கேள்விமுறை இல்லாமல் நிலைத்துவிட்ட அபிப்பிராயம். விற்பவர் அப்படிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது அவருடைய ஜீவனம். வாங்கி ஏமாந்தவர்களும் அதையே பாராயணம் செய்கிறார்கள் என்பதுதான் விசித்திரம். இந்த அபிப்பிராயத்தில் பெரும்பகுதி பிரமை என்பதும், வீட்டுத் திரையின் குறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒன்றைக் கூட்டிவைத்ததனால் வந்தவையாதலால் குறைப்பதனாலேயே தீரும் என்பதும் என் கட்சி.

என் தங்கை வீடு மட்டாஞ்சேரியில், அரண்மனை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. தாழ்ந்த மர உத்தரமும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் கொண்ட பழைய கூடம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. சென்ற ஓணத்தின்போது அவள் மகன் எர்ணாகுளத்துக் கடை ஒன்றிலிருந்து 55 அங்குலத் திரையும், ஐந்து ஒலிப்பெட்டிகளும், மூலையில் நிறுத்த ஒரு சப்வூஃபரும் வாங்கிவந்து, “மாமா, வந்து பாருங்க, தியேட்டரே தோத்துப்போகும்” என்று கூப்பிட்டனுப்பினான். போய்ப் பார்த்தேன். கதாநாயகியின் கன்னம் மெழுகு பொம்மையின் கன்னம்போல் வழவழத்தது. அவளுக்குப் பின்னால் நின்ற தென்னந்தோப்பைப் பச்சை மையில் முக்கியெடுத்ததுபோல் இருந்தது. நடிகர் தலையைத் திருப்பும்போதெல்லாம் சினிமாவின் கனம் போய், மத்தியான நேரத்துத் தொடர் நாடகத்தின் வழுக்கல் வந்து சேர்ந்தது. இரவுக் காட்சி வந்ததோ இல்லையோ, எதிர்ச் சுவர் ஜன்னலின் கம்பிகளும் உத்தரத்தில் எரிந்துகொண்டிருந்த குழல் விளக்கும் நாயகனின் முகத்துக்குக் குறுக்கே சாவதானமாக வந்து படிந்தன. நான் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்: “கடையில் இதைவிட ஜோரா இருந்துச்சு, மாமா. 65 வாங்கியிருக்கணும்.”

நோய் எங்கே என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிக்கொடுத்துவிட்டது. கடையில் ஜோராக இருந்தது உண்மைதான். ஆனால் கடை எப்படிப்பட்ட இடம்? தலைக்கு மேல் பட்டப்பகலைத் தோற்கடிக்கும் விளக்குகள். சுவர் நெடுக இருபது முப்பது திரைகள். வாடிக்கையாளர் ஒவ்வொன்றின்முன் நிற்பது அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் அவர் கண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே ‘விவிட்’ முதலிய பெயர்களில் ஓர் அமைப்பு உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. சந்தையில் கூவி விற்பவன் குரலை உயர்த்துவதுபோல அங்கே ஒவ்வொரு திரையும் தன் நிறத்தையும் ஒளியையும் உயர்த்திக்கொள்கிறது. சந்தைக்கு அந்தக் குரல் வேண்டியதுதான். அதே குரலில் அவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கதை சொன்னால் நாம் சகிப்போமா?

முதலில் வெண்மையின் விவகாரத்தைப் பார்ப்போம். அதற்கு மட்டாஞ்சேரியிலிருந்து வெகு தூரம் போகவேண்டியதில்லை. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் தம் படையினரின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டிலிருந்து அழைத்துவந்த குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லப்படும் தமிழ் வண்ணார்கள் அங்கே இன்றும் கல்லில் துவைத்து, கஞ்சி போட்டு, கிளிப் இல்லாமலேயே முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையில் துணியின் முனையைச் செருகி உலர்த்துகிறார்கள். வெள்ளை வேட்டியைக் கடைசியாக நீலத் தண்ணீரில் ஒரு முறை அலசியெடுப்பது அவர்கள் வழக்கம். பழகிய பருத்தித் துணியில் இலேசான மஞ்சள் ஏறியிருக்கும். அதை நீலம் ஈடு செய்துவிடுவதோடு, நீலச் சாயல் கலந்த வெள்ளையை உண்மையான வெள்ளையைக் காட்டிலும் வெள்ளையாக எடுத்துக்கொள்ளும் பலவீனமும் நம் கண்ணுக்கு உண்டு. எவ்வளவு நீலம் என்று அங்கே ஒரு பெரியவரைக் கேட்டேன். கையை வாளியில் விட்டு எடுத்து, விரலிடுக்கில் நின்ற தண்ணீரின் நிறத்தை வெயிலில் காட்டினார். நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவில்தான் இருந்தது. “கூடிப்போச்சுன்னா வெள்ளை வேட்டி இல்லீங்க, நீல வேட்டி” என்றார்.

தொலைக்காட்சியைச் செய்பவர்களுக்கும் கண்ணின் இந்தப் பலவீனம் நன்றாகத் தெரியும்; பெரியவருக்கு இருந்த அளவுதான் அவர்களிடம் இல்லை. ஒரு படத்துக்கு நிறம் திருத்துபவர் தமது அறையில் எதை வெள்ளை என்று வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு பிரமாணம் இருக்கிறது. 6500 கெல்வின் என்று எண்ணால் குறிக்கப்படும் அந்த வெண்மை, நடுப்பகலில் வெயிலும் வானமும் கலந்து தரும் ஒளியை ஒத்தது. எண் ஏற ஏற வெள்ளை நீலத்தை நோக்கிச் சாயும். கடைக்கென்று வைத்த அமைப்புகளிலோ அது 9000த்தையும் தாண்டிப் போய்விடுவது சாதாரணம். விளைவு என்ன? கல்யாண வீட்டுக் குத்துவிளக்கின் மஞ்சள் ஒளி ஆஸ்பத்திரி விளக்கின் ஒளியாகிறது. மாநிற முகங்கள் வெளிறிப்போகின்றன. வெளிறியதைச் சமாளிக்க நிறத்தின் அளவைக் கூட்டுகிறார்கள். கூட்டியதும் உதடு ரத்தமாகிறது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொன்ன கதைதான். ‘வார்ம்’ என்னும் அமைப்பை முதல் முறை வைத்ததும் படம் மஞ்சளாகத் தெரிகிறதே என்று பலர் பதறுகிறார்கள். நீல வேட்டியையே வெள்ளை என்று பழகியவனுக்கு வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரிவது இயல்பு. இரண்டு நாளில் கண் திரும்பிவிடும்.

அடுத்தது பிரகாசம். ‘தியேட்டர்போல’ வேண்டும் என்பவர்கள் தியேட்டரில் எவ்வளவு பிரகாசம் இருக்கிறது என்று ஒரு முறையேனும் விசாரித்ததுண்டா? ஒளியை நிட் என்னும் அளவால் அளக்கிறார்கள். சினிமாக் கொட்டகையின் திரைக்கு விதிக்கப்பட்ட உச்ச வெண்மை 48 நிட்; அவ்வளவுதான். சாதாரண வீடியோவுக்கு நிறம் திருத்தும் அறைகளில் வழங்கும் அளவு 100 நிட். என் தங்கை வீட்டுத் திரையைப் போன்றவை கடை அமைப்பில் சில நூறு நிட் ஒளியை அனாயாசமாகக் கொட்டுகின்றன. ஆகவே தியேட்டரைப்போல் பல மடங்கு ஒளியை வைத்துக்கொண்டு, ‘தியேட்டர்போல இல்லையே’ என்று நாம் மேலும் ஒளியைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறோம். கொட்டகையின் 48 நிட் நமக்குப் போதுமானதாக, போதுமானதென்ன, கம்பீரமாகவே தோன்றுவதற்குக் காரணம் அங்கே சுற்றிலும் இருப்பது இருள் என்பதைத் தவிர வேறில்லை. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தி, கண் அந்த இருளில் ஊறிய பிறகு வரும் ஒளி அது.

இதை மட்டாஞ்சேரி அரண்மனையின் ஓவியக்காரர்கள் அறிந்திருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததனால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தக் கட்டடத்தின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுதும் தீட்டப்பட்டிருக்கிறது. வெயிலிலிருந்து நேரே உள்ளே நுழைபவருக்கு முதலில் காவிக் குழப்பத்துக்கு மேல் ஒன்றும் புலப்படாது. அவசரக்காரர்கள் அத்தோடு வெளியேறிவிடுகிறார்கள். பத்து நிமிஷம் பொறுத்து நின்றவருக்கோ ஒரு விரலின் வளைவும், அதன்மேல் ஒரு மோதிரமும், மோதிரத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளியுமாகச் சுவர் ஒவ்வொன்றாய்த் திறந்துகொடுக்கும். கேரளச் சுவரோவிய மரபில் ஐந்து நிறங்களே உண்டு. அவற்றில் கறுப்பு எண்ணெய் விளக்கின் கரி, வெள்ளையோ பூசப்படாமல் விடப்பட்ட சுண்ணாம்புச் சுவர். தன்னிடம் இருப்பதில் மிகப் பிரகாசமானது வெறுஞ்சுவர்தான் என்று தெரிந்த ஓவியன், அந்தச் சுவர் ஒளிவிடும்படி மற்றவற்றை அடக்கி வைத்தான்.

ப்ரொஜெக்டர் வாங்கி வெள்ளைச் சுவரில் நூறு அங்குலப் படம் காட்டப் புறப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். ஓவியனுக்கு வெறுஞ்சுவர் வெள்ளை. ப்ரொஜெக்டருக்கு வெறுஞ்சுவர்தான் கறுப்பு. உலகத்தில் எந்தக் கருவியும் கறுப்பு நிறத்தைப் பாய்ச்ச முடியாதாகையால், படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் கருவி ஒன்றும் செய்யாமல் ஒதுங்கி நிற்கிறது. அங்கே நமக்குத் தெரிவது அறையின் ஒளியில் அந்தச் சுவர் எப்படித் தெரியுமோ அதுவே. ஜன்னல் திறந்திருந்தால் கறுப்பு சாம்பலாகத்தான் இருக்கும். எத்தனை லட்சம் கொடுத்த கருவியாலும் அதை மாற்ற இயலாது. நூறு ரூபாய்க் கறுப்புத் துணியால் ஆன திரைச்சீலை அதை மாற்றிவிடும். பளபளப்பான கண்ணாடி முகம் கொண்ட தொலைக்காட்சிக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பதற்கு நாயகன் முகத்தில் படிந்த ஜன்னல் கம்பிகளே சாட்சி.

இருள் என்பது படத்தில் ஒரு குறை என்றும், அதை விரட்டுவது நல்ல திரையின் கடமை என்றும் எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987இல் வந்த ‘நாயகன்’ படத்தின் ஒளிப்பதிவுக்காகப் பி. சி. ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். அந்தப் படத்தில் முகத்தின் பாதியை நிழலுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியால் பேசவைக்கும் இடங்கள் எத்தனை! அந்த நிழலை வைத்தவர் விளக்கு இல்லாமல் வைக்கவில்லை. நிழலுக்குள் கிடக்கும் சுவரையும் அலமாரியையும் இழுத்து வெளியே காட்டும்படி நம் திரையை முடுக்கிவிட்டால் அவர் எழுதியதை அழித்து நாம் எழுதியதாகும்.

மூன்றாவதாகப் புள்ளிகளின் கணக்கு. 4கே என்னும் எழுத்துக்கு இன்று மந்திர சக்தி வந்துவிட்டது. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் எவரும் சோதிக்கக்கூடிய விஷயம் இது. 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். முழு எச்.டி.யில் அந்த அகலத்தை 1920 புள்ளிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர். நல்ல பார்வையுள்ள சாதாரணக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்ததைப் பிரித்தறியாது என்பது கண் மருத்துவர் சுவரில் எழுத்துப் பலகை மாட்டும்போது கொள்ளும் அளவு. 10 அடி தூரத்தில் அது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் ஆகிறது. என் தங்கை வீட்டில் சோபா சுவரோடு சுவராக, திரையிலிருந்து சரியாக 10 அடியில் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்தவருக்கு எச்.டி.யின் புள்ளியே கண்ணுக்கு எட்டாதபோது, அதை நான்காக நறுக்கிக் கொடுத்த 4கே என்ன உபகாரம் செய்யும்? எச்.டி.யின் பயனை அடைய 7 அடிக்கும், 4கேயின் முழுப் பயனை அடைய மூன்றரை அடிக்கும் நெருங்கவேண்டும். இதைச் சொல்லிவிட்டுச் சோபாவை முன்னால் இழுக்கச் சொன்னேன். இரண்டரை அடி நகர்ந்தது. திரை கண்ணில் அடைக்கும் கோணம் 30 பாகையைத் தொட்டது. அதுவே வசதியாகப் படம் பார்ப்பதற்குத் தொழில் அறிந்தவர்கள் சொல்லும் கோணம். 65 அங்குலம் தந்திருக்கக்கூடிய லாபத்தைக் காட்டிலும் கொஞ்சம் அதிகமாகவே, காலணாச் செலவில்லாமல் கிடைத்தது.

புள்ளியைவிட முக்கியம் அந்தப் புள்ளிக்குள் என்ன வந்து சேர்கிறது என்பது. 4கே ப்ளூ-ரே தட்டு ஒரு விநாடிக்கு 128 மெகாபிட் வரை கொடுக்கவல்லது. இணையவழி வரும் 4கே படம் பொதுவாக அதில் ஒரு சிறு பங்கைக் கொண்டே காலம் தள்ளுகிறது. கேபிளில் வரும் பழைய தரத்துச் சானலுக்கோ அகலத்தில் 720 புள்ளிகளே உண்டு. கிணற்றில் ஊறும் தண்ணீர் ஒரு குடமானால் ஒன்பது குடம் கொண்டுபோவதால் நீர் பெருகாது. அந்த இல்லாமையை மறைக்கவே ‘ஷார்ப்னெஸ்’ என்ற திருகு வைக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவருவதில்லை. இருக்கும் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. கோயில் கோபுரத்தைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் தெரிந்தால் அது தெய்வ சாந்நித்தியம் அன்று, ஷார்ப்னெஸ்தான்.

அசைவை வழுக்கலாக்கும் தந்திரமும் இந்த வகையைச் சேர்ந்தது. பேசும் படம் வந்த காலந்தொட்டு சினிமா விநாடிக்கு 24 சட்டகங்களில் ஓடுகிறது. இரண்டு சட்டகங்களுக்கு நடுவே எவரும் எடுக்காத படங்களைத் தொலைக்காட்சி தானே கற்பனை செய்து செருகுவதனால்தான் பல கோடி கொட்டி எடுத்த படம் தொடர் நாடகமாக இறங்கிவிடுகிறது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டஃபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவில் தோன்றி, தயவுசெய்து இதை அணைத்துவிடுங்கள் என்று உலகத்தாரை வேண்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. அதன் விசேஷம் என்னவென்றால், அது படத்தோடு எதையும் சேர்ப்பதில்லை. தொழிற்சாலையில் சேர்த்ததையெல்லாம் கழற்றி வைக்கிறது. செய்தவர்களே கழற்றுவதற்கு ஒரு பொத்தான் வைத்த பிறகும் கூட்டினால்தான் அழகு என்று வாதிப்பவர்களை என்னென்பது?

ஒலியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வாட் எண்ணிக்கையைப் பார்த்து ஒலிப்பெட்டி வாங்குகிறவர்களுக்குக் காது வாட் கணக்கில் கேட்பதில்லை என்பது தெரியாது: ஒலி இரு மடங்காகக் கேட்கவேண்டுமானால் சக்தி ஏறத்தாழப் பத்து மடங்காகவேண்டும். அதற்கும் மேலாக, அறை தானே ஒரு வாத்தியம். 12 அடி நீளமுள்ள கூடம் விநாடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுள்ள தாழ்ந்த ஸ்வரத்துக்குத் தானாகவே முழங்கும். அந்த முழக்கம் மூலையிலும் சுவரோரத்திலும் உச்சம். சப்வூஃபரை மூலையில் நிறுத்தி, சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த வீட்டில் பின்னணி இசை வரும்போதெல்லாம் வசனம் தண்ணீரில் விழுந்ததுபோல் மூழ்கியதில் அதிசயம் இல்லை. சிவப்புச் சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் மேல் ஸ்வரங்களைப் பந்துபோல் திருப்பி எறிந்தன. மெஹ்பூபும் உம்பாயியும் பாடி வளர்ந்த ஊர் மட்டாஞ்சேரி. இங்கே மெஹ்ஃபில் என்றால் மாடி அறையில் ஜமக்காளம் விரித்து, ஜனங்கள் நெருங்கி உட்கார்ந்து, ஹார்மோனியத்தின் மூச்சுக்கூடக் கேட்கும்படி நடப்பது. அந்த ஜமக்காளத்துக்கு இருந்த சங்கீத ஞானம் ஐந்து பெட்டிகளுக்கு இல்லை.

இனி, எதிர்க்கட்சியில் இருக்கும் நியாயத்தை மறைத்தால் என் வாதம் வக்கீல் வாதமாகிவிடும். பகலில், ஜன்னல் திறந்த கூடத்தில், கிரிக்கெட்டோ செய்தியோ பார்ப்பவருக்குப் பிரகாசம் வேண்டியதுதான். கொச்சியின் வெயிலை 100 நிட்டால் எதிர்த்து நிற்க முடியாது. கண்ணில் புரை விழுந்த முதியவர்களுக்குக் கூடுதல் ஒளி தேவை. எச்.டி.ஆர். என்னும் புதிய முறையில் ஆயிரம் நிட் வரை எழும்பும் வெளிச்சங்களைப் படம் எடுத்தவர்களே வேண்டுமென்று வைக்கிறார்கள் என்பதும் மெய். ஆனால் அந்த ஆயிரம் நிட் திரை முழுவதுக்கும் உரியதன்று. மழையில் நனைந்த தெருவில் ஒரு ஸ்கூட்டரின் விளக்கு, தண்ணீரின்மேல் சூரியனின் ஒரு சில்லு, இவற்றுக்கு உரியது. சுற்றிலும் தெரு இருண்டிருந்தால்தான் அந்த விளக்குக்கு வேலை. ஆகவே அவர்களுடைய மிகப் பலமான சாட்சியமும் முடிவில் என் பக்கமே வந்து நிற்கிறது.

அன்றிரவு தங்கை வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவே. அமைப்பை ‘சினிமா’வுக்கு மாற்றி, வெண்மையை ‘வார்ம்’ ஆக்கினோம். ஷார்ப்னெஸைச் சுழிக்கு அருகே இறக்கினோம். அசைவுத் தந்திரத்தை அணைத்தோம். ‘பிரைட்னெஸ்’ என்று பெயரிட்ட திருகு உண்மையில் கறுப்பின் ஆழத்தையும், ‘கான்ட்ராஸ்ட்’ வெண்மையின் உச்சத்தையும் ஆள்பவை. இரவுக் காட்சி ஒன்றை நிறுத்திவைத்து, கறுப்புக் கோட்டின் மடிப்பு மறையாமலும் சாம்பல் பூக்காமலும் இருக்கும் இடத்தில் முதலாவதையும், வெள்ளைச் சட்டையின் தையல் கரையாத இடத்தில் இரண்டாவதையும் நிறுத்தினோம். சப்வூஃபர் மூலையைவிட்டு வெளியே வந்தது. பரணில் கிடந்த கல்யாண ஜமக்காளம் தரைக்கு இறங்கிற்று. ஜன்னலில் ஒரு தடித்த துணி தொங்கிற்று. குழல் விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒரு சிறு வெள்ளை விளக்கை, கண் சோராமல் இருக்கும் பொருட்டு, சுவரைப் பார்த்து எரியவிட்டோம்.

“மங்கலா இருக்கே, மாமா” என்றான் பையன். பொறு என்றேன். இருபது நிமிஷத்துக்குமேல் அவன் ஒன்றும் பேசவில்லை. இடைவேளையில் எழுந்துபோய் விளக்கைப் போடவும் இல்லை.

மறு நாள் பிற்பகல் போனபோது திரை பழையபடி நீலமாகவும் பச்சையாகவும் ஜொலித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் துணியை ஒதுக்கிக் கட்டிவிட்டு, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கியபடியே தங்கை தன் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ராத்திரி நீங்க வச்ச இருட்டுல கல்லு எங்கே தெரியும், அண்ணா?” என்றாள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பகலில் அது அவளுடைய டிவி. இரவு பத்து மணிக்கு மேல் ஜன்னல் துணியை அவிழ்த்துவிடுவதும் ரிமோட்டில் ‘சினிமா’வுக்குத் திரும்புவதும் இப்போது பையனின் வேலையாகிவிட்டது என்று அவளே சொன்னாள். 65 அங்குலத்தைப் பற்றி அவன் அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை.